சதுப்பு நிலக் களிமண்ணுக்கு ஒரு மண் பரிசோதனைச் சேவை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மனையில் வீடு கட்டுவதற்கு முன், சென்னையில் உள்ள ஒரு மண் பரிசோதனைக் கூடத்தை அணுகினோம். துளையிட்டபோது, மேலும் கீழும் மணல் இருக்க, நடுவில் 4 மீட்டர் தடிமனில் நீர் நிறைந்த களிமண் தென்பட்டது. இத்தகைய மண்ணில் சுமை ஏறியவுடன் அதை முதலில் தாங்குவது துகள்கள் அல்ல, அவற்றின் இடுக்குகளில் உள்ள நீரே. அந்த நீர் மெல்ல வெளியேற வெளியேறத்தான் சுமை துகள்களுக்கு மாறி, மண் ஒடுங்கி, அடித்தளம் இறங்குகிறது என்பதை அங்கிருந்த பொறியாளர் பொறுமையாக விளக்கினார்.

இந்த ஒடுக்கத்தின் அளவையும் வேகத்தையும் அறியும் கன்சாலிடேஷன் சோதனையில், 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாதிரியை வளையத்துக்குள் வைத்து, ஒவ்வொரு சுமையையும் 24 மணி நேரம் விட்டு, பிறகு இரட்டிப்பாக்கினார்கள். அதை அருகிலிருந்து பார்க்க அனுமதித்தது பாராட்டத்தக்கது. ஒடுங்கும் காலம் நீர் வெளியேறும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது 1920களில் மண் பொறியியலின் முன்னோடியான டெர்சாகி வகுத்த கோட்பாடு. மாதிரியிலும் எங்கள் அடுக்கிலும் நீர் மேலும் கீழும் வெளியேறுகிறது; ஆகவே மாதிரி 5 நிமிடத்தில் எட்டும் பாதி ஒடுக்கத்தை, அதைப்போல 200 மடங்கு தடித்த எங்கள் அடுக்கு எட்ட 40,000 மடங்கு காலம், அதாவது ஏறக்குறைய 139 நாட்கள் ஆகும்.

அறிக்கையில் ஒடுக்கத்தையும் காலத்தையும் காட்டும் வரைபடங்கள் இல்லை. இருமுறை கேட்ட பிறகே கிடைத்தன. இது சிறிய குறையன்று, ஏனெனில் அவையின்றி வேறொரு பொறியாளர் கணக்கைச் சரிபார்க்க இயலாது. இச்சேவையை நாடுவோர், மாதிரி மெல்லிய சுவருள்ள குழாயில் குலையாமல் எடுக்கப்பட்டு, ஈரம் போகாதபடி மெழுகால் அடைக்கப்படுகிறதா என்பதை மனையிலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.