ங்குலுவா, டிரும்பாஷா? விஷயம் பிடியில் இருக்கிறது

பிரஸ்ஸல்ஸ் நகரின் சாப்லோன் பகுதியில் ஆப்பிரிக்கக் கலைப்பொருள் கடைகள் நிறைய. மூன்று வருடம் முன்பு அங்கே ஒரு கடையின் மேசையில் இரண்டு காங்கோ வாள்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று ங்குலு, இன்னொன்று டிரும்பாஷ். கையில் ஒன்றுக்குத்தான் காசு. ங்குலுவை வாங்கினேன். "அழகானதை விட்டுவிட்டு இதையா தூக்கிக்கொண்டு வந்தாய்?" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று. அழகு என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

டிரும்பாஷ், காங்கோவின் வடகிழக்கில் வாழும் மங்பெட்டு மக்களின் அரிவாள் வடிவக் கத்தி. பெரிய மனிதர்கள் கையில் வைத்திருப்பார்கள். 1870-ல் ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஜெர்மானியர் அவர்களுடைய மன்னர் முன்சாவைப் பார்த்தபோது, மன்னர் கையில் செங்கோல் போல இருந்ததும் செம்பில் அடித்த இந்த வகைக் கத்திதான். பிடியில் நீண்ட மண்டையும் கொண்டையுமாகத் தலை செதுக்கிய தந்தக் கத்திகள் உண்டு. அவற்றில் பல, 1900-க்குப் பிறகு ஐரோப்பியர்களுக்காகவே செய்யப்பட்டவை.

ங்குலு முரட்டு ஜாதி. காங்கோ ஆற்றுக்கும் உபாங்கி ஆற்றுக்கும் இடையில் வாழும் ங்கோம்பே, டோகோ மக்களுடையது. பெரும்பாலும் இரண்டடிக்கு மேல் நீளம். அலகு கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் பிறை போல வளைந்து கொக்கியாகும். விற்பவர்கள் எல்லாரும் இதை "மரண தண்டனை வாள்" என்றே விற்கிறார்கள். கதைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1880-களில் காங்கோ ஆற்றங்கரை ஊரான லுகோலேலாவில் இருந்த கிளேவ் என்ற ஆங்கிலேயர் தான் கண்ட ஒரு தண்டனையை எழுதியிருக்கிறார். ஓர் அடிமையை உட்கார வைத்துக் கட்டி, வளைத்த இளமரத்தின் நுனியை அவன் தலையோடு பிணைத்து, இது போன்ற வளைந்த வாளால் ஒரே வெட்டு. மரம் நிமிரும்போது தலையும் கூடவே போகும். ஆனால் காலனி ஆட்சி அதைத் தடுத்த பிறகும் கொல்லர்கள் ங்குலு அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தலைவனின் அந்தஸ்துக்கு ஒன்று, சடங்கு ஆட்டத்தில் ஏந்த ஒன்று, மிஞ்சிப் போனால் ஆட்டுக்கு ஒரு வெட்டு. இன்று சந்தைக்கு வருபவற்றில் முக்கால்வாசி மனித ரத்தம் பார்க்காதவை என்பது என் கணிப்பு. அந்தக் கதைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது பிடி. (தமிழில் பிடி என்றால் பெண் யானையும்தான். நம் ஊர்ப் பிடிக்கு வெளியே நீளும் தந்தம் கிடையாது, ஆப்பிரிக்கப் பிடிக்கு உண்டு.) ங்குலுவின் பிடி மரம், மேலே செம்பு அல்லது பித்தளைக் கம்பிச் சுற்று. அந்த டிரும்பாஷின் பிடி முழுத் தந்தம். வாங்கும்போது சிரித்துக்கொண்டே வாங்கிவிடலாம். விற்கப் போகும்போதுதான் தெரியும். 1989-ல் எடுத்த முடிவுப்படி ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் நின்றது. 2022 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் இறுக்கியது. 1947-க்கு முந்தைய பொருளாக இருந்தாலும், ஒன்றியத்துக்குள் விற்கவே சான்றிதழ் வேண்டும். அதே வருடம் ஜூனில் பிரிட்டனின் தடைச் சட்டமும் அமலுக்கு வந்தது. என்றைக்காவது ஊருக்கு மூட்டை கட்டினால் கூடவே கொண்டு போகலாம் என்று பார்த்தால், இந்தியா 1991-லேயே ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவைச் சாத்திவிட்டது. ஆக, 1947-க்கு முந்தையது என்று காகிதம் காட்ட முடியாத டிரும்பாஷ் வாங்கியவரோடு முடிந்தது. "இது வெறும் எலும்பு" என்று கடைக்காரர் சொன்னால் பிடியின் அடிப்பகுதியை உருப்பெருக்கியில் பாருங்கள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால் யானை.

பராமரிப்பிலும் அதே பிடிதான் தொல்லை. இரும்புக்குக் காற்று வறண்டிருக்க வேண்டும், ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. தந்தம் அந்த வறட்சியில் விரிசல் விடும், அதற்கு 50-ஐ ஒட்டி நிலையாக இருக்க வேண்டும். ஒரே பொருளில் இரண்டு பேர் எதிரெதிர் திசையில் இழுக்கிறார்கள். நான் டிரும்பாஷை வீட்டில் வைத்து வளர்த்ததில்லை, நண்பர் ஒருவரின் அலமாரியில் விரிசல் விட்டதைப் பார்த்ததோடு சரி. அதனால் இந்த இடத்தில் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். ங்குலுவுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும். மரம் சுருங்கினால் கம்பிச் சுற்று லேசாக ஆடும், அவ்வளவுதான்.

துரு கண்டதும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். பழைய கருமை போய், அலகில் கையகல இடம் புதுக் கரண்டி போல மின்னுகிறது. அது திரும்ப வராது.

போலியில் ங்குலுதான் அதிகம், மறைப்பானேன். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் கையால் அடித்த அலகில் தடிமன் ஏறி இறங்கும். தகட்டை வெட்டிச் செய்தது ஒரே சீராக இருக்கும். பிடியில் பித்தளைக் குமிழ் ஆணிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், ஐரோப்பிய ஆணிகள் அந்தக் காலத்திலேயே வணிகத்தில் அங்கே போய்ச் சேர்ந்தவைதான்.

இரண்டுக்குமே காசு போதவில்லை என்றால் அதே காங்கோவின் கூபா மக்களுடைய இகுல் என்ற கத்தி இருக்கிறது. இலை போன்ற அகன்ற அலகு, மரப்பிடி, ஒரு முழத்துக்கும் குறைவு. பதினேழாம் நூற்றாண்டில் ஷ்யாம் என்ற மன்னர் எறிகத்தியைத் தடை செய்துவிட்டு அதற்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தார் என்பது அவர்கள் மரபுக் கதை. ஆறு மாதமாக ஒன்று என்னிடம் இருக்கிறது. இதுவரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.