எபோனைட், அக்ரிலிக், மரம்: கடைசல் பேனாவுக்கு எது அழகு?

என் மேசையில் மூன்று பேனாக்கள் இருக்கின்றன. மூன்றும் நானே லேத்தில் கடைந்தவை. ஒன்று அக்ரிலிக் பிளாஸ்டிக், ஒன்று ஈட்டி மரம், இன்னொன்று கறுப்பிலே சிவப்பு அலைவரி ஓடும் எபோனைட் என்ற கெட்டி ரப்பர். கடைந்து முடித்த புதிதில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது அக்ரிலிக்தான் முதலில் கண்ணை இழுத்தது. எபோனைட்டை யாரும் கையில் எடுக்கக்கூட இல்லை. ஆறு வருடம் எழுதித் தீர்த்த பிறகு இன்று அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. இனி எனக்கென்று கடைந்தால் எபோனைட்தான்.

அக்ரிலிக்கின் அழகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். முத்துப்பொடி கலந்து வார்த்த தண்டைக் கடைந்து மெருகேற்றினால், உள்ளே வெளிச்சம் நகர்வது போலிருக்கும். இத்தனை நிறங்கள் வேறெதிலும் கிடைக்காது. வெயில் பட்டாலும் நிறம் எளிதில் மங்காது. கடையும்போதுதான் கொஞ்சம் படுத்தும்: சீவல்கள் மின்னேற்றம் பிடித்து முழங்கை வரை ஒட்டிக்கொள்ளும், உளி கொஞ்சம் மழுங்கினாலும் ஓரம் பொளிந்துவிடும்.

மரத்தின் அழகு வேறு வகை. ஈட்டியின் ஊதா கலந்த பழுப்பு, கருங்காலியின் கறுப்பு, முண்டு விழுந்த மரத்தில் சுழலும் கண்கள் எல்லாம் ஒரு துண்டில் இருப்பது போல மறு துண்டில் இருக்காது. ஆனால் மை படும் இடத்தில் மரத்தை அப்படியே விட முடியாது, உள்ளே பித்தளைக் குழாயோ பிசின் பூச்சோ வேண்டும். காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் உப்பும், சுருங்கும். பித்தளை அப்படி அசையாது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வெற்றிடத்தில் பிசின் ஏற்றிச் சூட்டில் இறுக்கிய மரம் இதை நன்றாகத் தாங்கும், ஆனால் தொட்டால் பாதி பிளாஸ்டிக் போல இருக்கிறது. ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். ஈட்டி இனங்கள் அனைத்தும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குவது நல்லது.

எபோனைட் ரப்பர்தான். சாதாரண ரப்பரில் கந்தகம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருக்கும். இதில் சுமார் 30 பங்கு சேர்த்து நெடுநேரம் வேகவைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த பொருள், கருங்காலி போல இருந்ததால் இந்தப் பெயர். மை இதை அரிக்காது என்பதால் ஊற்றுப்பேனா வந்த நாளிலிருந்தே பேனாவின் உடலாக இருந்துவருகிறது.

கடைவதில் இதன் சுகமே தனி. கூரான உளி வைத்தால் சீவல் ஒரே நாடாவாக நீண்டு வரும், கூடவே கந்தக வாடையும். அந்த வாடை எல்லோருக்கும் பிடிக்காது, எனக்குப் பழகிவிட்டது. உளி பட்ட நிலையில் தண்டு சாம்பல் பூத்து அழுக்காகத் தெரியும், முதல் முறை கடைபவருக்கு மனசே விட்டுப்போகும். தண்ணீர் தொட்டு 600 எண் தாளில் தொடங்கி இன்னும் நுண்ணிய 2000 எண் வரை உப்புத்தாள் மாற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சாம்பலுக்குள்ளிருந்து கறுப்பு மேலே எழும்பி வரும். அப்புறம் மெருகுத் துணியில் பிடித்தால் பளபளப்போடு ஒரு மென்மையும் சேரும். மரை வெட்டினால் சுத்தமாக விழும், மூடியைத் திருகும்போது கிறீச்சிடாது.

இதெல்லாம் இருந்தும் என் முடிவை மாற்றியது ஒரே கேள்வி: கெட்டுப்போனால் என் கையால் திருத்த முடியுமா? தினமும் எழுதும் பேனா கெடாமல் இருக்காது.

அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் மெருகேற்றிவிடலாம், அதில் அது சளைத்ததல்ல. ஆனால் என் பேனாவைக் கறை போகட்டும் என்று ஒரு நாள் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். சிறிது நேரத்தில் மரைக்குப் பக்கத்தில் மயிரிழை போல விரிசல்கள் வலை பின்னிவிட்டன. துளையிட்ட சூட்டில் பொருளுக்குள் தங்கிய இறுக்கம், ஆல்கஹால் பட்டதும் அப்படி வெளியே வரும். அது உள்ளே ஓடும் விரிசல், உப்புத்தாளால் எட்ட முடியாது. பழுதில்லாத பக்கத்தைத் திருப்பி வைத்துத்தான் இப்போது பார்க்கிறேன்.

மரப்பேனாவுக்கு உடனடிப் பசையால் பளபளப்புப் பூச்சு கொடுத்திருந்தேன். மூடி ஓரத்தில் ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியில் வெண்மேகம் போலப் படர்ந்தது. அந்த இடத்தை மட்டும் தொட முடியாது. அழுத்திப் பொருத்திய பாகங்களைக் கழற்றி, முழுப் பூச்சையும் சீவி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எண்ணெய் மட்டும் தடவிய மரம் இந்த விஷயத்தில் மேல், கை வியர்வையில் கறுத்தாலும் மறுபடி தடவிக்கொள்ளலாம்.

எபோனைட்டும் கெட்டது. ஜன்னலோரம் நிறுத்தி வைத்ததில் வெளிச்சமும் ஈரமும் பட்டு ஒரு பக்கம் பாசி நிறத்துக்கு மங்கியது. நிப்பைக் கழற்றிவிட்டு, 2000 எண் தாளில் லேசாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பழுப்பாகக் குழம்பு வந்தது, துடைத்துப் பார்த்தால் கீழே பழைய கறுப்பு. மங்கல் மேல்தோலோடு நின்றிருந்தது. நிறமும் அலைவரியும் உள்ளே வரைக்கும் ஒன்றே. அரை மணி நேர வேலைதான், சிவப்பு வரிகள் முதல் நாளைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

சரி, இதிலும் எச்சரிக்கைகள் உண்டு. ஒவ்வொரு முறையும் மயிரிழையளவு பொருள் போகிறது, எழுத்துப் பொறித்த பேனாவில் எழுத்து மழுங்கும். பழைய காலத்துப் பேனாவில் இதைச் செய்யாதீர்கள். வெந்நீரில் ஊறவைத்தால் நிறம் போய்விடும். வெள்ளி வளையம் பூட்டினால் கந்தகத்தால் சீக்கிரம் கறுக்கும்.

பழைய காலத்துப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டை ஒரே ஒரு முறை கடைந்திருக்கிறேன். கற்பூர வாசனையும் ஆழமான நிறமும் மறக்க முடியாதவை. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும் பொருள், சீவலைக் குவித்து வைக்கவே பயமாக இருந்தது. ஒரு பேனாவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. பாலின் புரதத்திலிருந்து செய்யும் கேசீனிலும் ஒரு தண்டுதான் பார்த்தேன். நிறம் தந்தம் போல அருமை, ஆனால் தண்ணீரை உறிஞ்சி உப்பும் என்பதால் மை தொடும் பாகத்துக்கு அதை எடுக்க மாட்டேன்.

பரிசாகக் கொடுக்க, பார்த்தவுடன் ஒருவர் முகம் மலர வேண்டும் என்றால் இப்போதும் அக்ரிலிக்தான் கடைவேன், ஸ்பிரிட் படக்கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து. பந்துமுனைப் பேனாவுக்கு எண்ணெய் பூசிய மரம் நன்றாகப் பொருந்தும். மை ஊற்றி தினமும் எழுதப் போகிறவர் கேட்டால், எபோனைட் தண்டைக் கடைந்து மெருகேற்றாத நிலையிலேயே அவர் கையில் கொடுத்து, அந்தச் சாம்பல் நிறத்தை நகத்தால் ஒரு இடத்தில் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன்.