சர்வர் போடும் வியாபாரிகளே, பணம் கொடுக்கும் முன் எடிஷனைப் பாருங்கள்

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். போன வருடம் பழைய கணினியைத் தூக்கிவிட்டுப் புதிய சர்வர் போட்டோம். கடைக் கணக்கையெல்லாம் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2019, அதில் காசு கொடுத்து வாங்கும் ‘ஸ்டாண்டர்ட்’ எடிஷன் (பதிப்பு), அதோடு அந்தக் கணக்கிலிருந்து அறிக்கை தயாரிக்கும் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ். முந்தின நாள் விற்பனை, காலாவதி நெருங்கும் சரக்கு, வராத பாக்கி எல்லாம் காலை ஏழு மணிக்குத் தானாக மின்னஞ்சலில் வந்துவிடும் என்று பேச்சு. விலைப்பட்டியலில் ‘ஸ்டாண்டர்ட்’ என்று தனி வரியே இருந்தது. நானும் ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. சில நாள் ஏழே காலுக்கும் வந்தது. நெட் மெதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான்கு மாதத்தில் பில் போடுவது இழுக்க ஆரம்பித்தது. “ரேம் போதவில்லை அண்ணாச்சி” என்றார்கள் சர்வர் போட்டுக் கொடுத்த நிறுவனத்தார். 16 ஜிபியை 32 ஆக்கினோம். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், பில்லே ஏறவில்லை. டேட்டாபேஸ் 10240 எம்பி என்ற உரிம வரம்பைத் தாண்டுகிறது என்று திரையில் வந்தது. அதே வாரம் நான்கு நாள் ரிப்போர்ட்டும் வரவில்லை. கேட்டால், “அந்தப் பையனுக்குக் கல்யாணம், லீவில் இருக்கிறான்” என்றார்கள். தானாக வரும் ரிப்போர்ட்டுக்குப் பையன் எதற்கு?

மருமகனின் நண்பர் வந்து பார்த்தார். எஸ்கியூஎல் சர்வரைத் திறந்து பார்க்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சர்வர் பெயரை வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் திறந்தார். முதல் பக்கத்திலேயே ‘எக்ஸ்பிரஸ் எடிஷன்’ என்று இருந்தது. இலவசமாகக் கிடைப்பது. ரிப்போர்ட்டிங் சர்வீசஸிலும் இலவச எக்ஸ்பிரஸையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதன் அமைப்புகளைக் காட்டும் கான்ஃபிகரேஷன் மேனேஜரிலும் எடிஷன் முதல் பக்கத்திலேயே தெரிகிறது.

அவர் சொன்னதைக் கேட்டு வயிறு எரிந்தது. 2019 எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. தரவை நினைவில் வைத்துக்கொள்ள 1410 எம்பிக்கு மேல் எடுக்காது. 32 அல்ல, 128 ஜிபி போட்டாலும் இதே கதைதான். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ‘ஏஜென்ட்’ கிடையாது. குறித்த நேரத்துக்கு ரிப்போர்ட் அனுப்பும் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ வசதியும் கிடையாது. ஸ்டாண்டர்டுக்குப் பரிந்துரைக்கும் ரேமே 4 ஜிபி தொடங்கித்தான். தேவைக்கு மேலேயே முதலில் வாங்கியிருக்கிறோம். பிறகு வாங்கியது யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தாரிடம் கேட்டதற்கு, “உள்ளே எல்லாம் ஒரே சாஃப்ட்வேர்தான்” என்றார்கள். அப்படியானால் எதற்காக ஒன்றுக்குக் காசு, மற்றொன்று இலவசம்? உங்கள் கடையின் பெயரில் உரிம ஆவணம் கையில் வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். நான் கேட்டபோது, வரும் வரும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை.

இன்னொன்று. ரிப்போர்ட் சர்வரில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க ஒரு என்கிரிப்ஷன் கீ உண்டு. அதன் நகலும் நகலுக்கான பாஸ்வேர்டும் உங்களிடம் இருக்க வேண்டும். எங்களிடம் இல்லை. வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவியபோது, பழைய பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் மறுபடி கொடுத்தோம். இரண்டு நாள் போனது.

பணத்தில் பாதியாவது திரும்புமா என்று வக்கீலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் முடிந்து வந்த பையன் மட்டும் தனியாக அழைத்தான். தினமும் ஆறே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்து, எங்கள் சர்வருக்குள் நுழைந்து, ரிப்போர்ட்டை எடுத்து அவனே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். “ஏழே காலுக்கு வந்த நாளெல்லாம் தூங்கிவிட்டேன் அண்ணாச்சி” என்றான்.