தூத்துக்குடிக் கரையிலிருந்து மேட்டூருக்கு: என் தூண்டில் சாமான்களில் நிலைத்தவையும் மாறியவையும்

தூத்துக்குடிக் கரையில் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். வேலை மாற்றலில் சேலத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது மேட்டூர் நீர்த்தேக்கமும் பூலாம்பட்டி காவிரியும் சேலத்தைச் சுற்றியுள்ள ஏரிகளும்தான் எனக்குக் கரை. கடலோரத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, கையில் இருப்பதை வைத்தே ஓட்ட முடியுமா என்பதுதான். ரீலை வைத்து ஓட்டலாம். ராடு, அதாவது தூண்டில் கழி, மாறியே ஆக வேண்டும். நரம்பு (தூண்டில் இழை), முள், ஈயம் மூன்றையும் மீனைப் பார்த்து, அடித்தரையைப் பார்த்துப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரீலை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது தாய்வா பிஜி 4000. பாரையும் சீலாவும் இழுத்த இழுப்பைத் தாங்கிய அலுமினிய உடம்பு இங்கே கட்லாவுக்குத் தாராளம். மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் டிராக் திக்கித் திணறாமல் வேலை செய்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். குறை ஒன்று உண்டு. எடை அரை கிலோவுக்குச் சற்றுத்தான் கம்மி. ஊன்றி வைத்துக் காத்திருக்கும் மீன்பிடிக்கு அது தெரியாது. விராலுக்காகக் காலை முழுக்க வீசி வீசி இழுத்தால் மணிக்கட்டு பேசும். அதற்கு மட்டும் 3000 அளவில் இலகுவான ரீல் ஒன்று வாங்கினேன்.

ராடு வேறு கதை. கடற்கரையில் 12 அடி ராடு எதற்கு? அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கவும், 100 கிராமுக்கு மேல் ஈயத்தைத் தூர வீசவும். மேட்டூரில் அந்த இரண்டு தேவையும் இல்லை. கட்லா இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சும். கனமான ராடின் நுனிக்கு அது எட்டவே எட்டாது. நான் இப்போது வைத்திருப்பது 9 அடியில் நடுத்தர வளைவுள்ள ராடு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் அது ஒன்றே போதும். விராலுக்கு 7 அடியில் விறைப்பான ராடு தனியாக வேண்டும்.

நரம்பு விஷயத்தைத்தான் கடலோர நண்பர்கள் நம்ப மறுப்பார்கள். கடல் என்றால் கனமான நரம்பு, ஏரி என்றால் மெல்லிய நரம்பு என்று பொதுவாக நினைக்கிறோம். கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டை வகைக்கு அது சரி. அவற்றின் வாய் மெத்தென்று இருக்கும். பிரெய்டு என்பது இழைகளைப் பின்னிச் செய்த, நீளாத நரம்பு. பெரிய மீன் திடீரென்று திரும்பி ஓடினால் அந்த உதறல் அப்படியே முள்ளுக்குப் போய் உதடு கிழிந்துவிடும். 0.30 மில்லிமீட்டர் நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அதனால் கெண்டை வகைக்கு ரீல் முழுக்க நைலான்தான் சுற்றுகிறேன், டிராக்கைக் கடலில் வைத்ததைவிடத் தளர்த்தி வைக்கிறேன்.

ஆனால் விராலுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். ஆகாயத்தாமரையும் அல்லியும் அடைத்துக் கிடக்கும் ஏரியில்தான் விரால் இருக்கும். கடித்ததும் நேராகச் செடிக்குள் புகுந்துவிடும். கடலில் பாரையை மணல் பரப்பில் ஓடவிட்டுக் களைக்க வைக்கலாம், இங்கே ஓட விட்டால் கதை முடிந்தது. செடியோடு சேர்த்து இழுத்துக் கரையேற்ற வேண்டும். அதற்கு 50 பவுண்டு பிரெய்டு போடுகிறேன். தூத்துக்குடியில் பாரைக்கு நான் போட்டது 30 பவுண்டுதான். இரையாகப் போடும் ரப்பர் தவளையின் இரட்டை முள் உடம்போடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. விரால் காற்றைக் குடிக்க மேலே வரும் மீன் என்பதால், நீர்ப்பரப்பில் அது விடும் குமிழியைப் பார்த்து அதற்குச் சற்றுத் தள்ளிப் போட்டு இழுத்தால் போதும்.

சீலாவின் பல்லுக்காக வைத்திருந்த கம்பி லீடர்கள் (முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு) இங்கே டப்பாவிலேயே கிடக்கின்றன. ஆற்று வாளைக்குக்கூட 40 பவுண்டு தடித்த நைலான் லீடர் தாங்குகிறது.

அடுத்தது ஈயம். மணலைக் கவ்விப் பிடிக்கும் கூம்பு ஈயம் கடற்கரைக்கென்றே செய்தது. அது மேட்டூரில் சேற்றில் புதையும், இல்லாவிட்டால் பாறை இடுக்கில் சொருகிக்கொள்ளும். நீர்த்தேக்கக் கரையில் உள்ள பண்ணவாடியில் என் பெட்டியைப் பார்த்த பரிசல்கார அண்ணன் ஒருவர், "இதெல்லாம் கடலுக்குச் சரிங்க தம்பி, இங்க அடியில பூராம் கல்லு. போட்டா திரும்பி வராது" என்று சொல்லி, தன்னிடமிருந்த தட்டையான சின்ன ஈயங்கள் இரண்டைக் கொடுத்தார். அன்றிலிருந்து நிற்கும் தண்ணீருக்கு 15 முதல் 30 கிராம், பூலாம்பட்டியில் நீரோட்டம் இருக்கும் நாட்களில் 50 கிராம் என்று தட்டை ஈயம்தான். ஈயத்தை மட்டும் ஒரு மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டுகிறேன். கல்லில் சிக்கினால் அது மட்டும் அறுந்து போகும், முள்ளும் மீனும் கைக்கு வரும்.

அந்த அண்ணன் சொன்ன கல் வெறும் பாறை மட்டுமல்ல. 1934இல் அணை கட்டி முடித்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அங்கே இருக்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். கடலில் எப்போதுமே கிடைக்காத ஒரு வசதி இது: அடித்தரையைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீர் வற்றிய மாதங்களில் கரையோரம் நடந்து, எங்கே கல் வரிசை, எங்கே பள்ளம், எங்கே பழைய மரக்கட்டை என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அணை 120 அடியைத் தொடும்போது அதே இடங்களில் எங்கே வீசலாம், எங்கே வீசக் கூடாது என்று தெரிந்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய எந்தச் சாமானும் இவ்வளவு உதவியதில்லை.

தக்கை வைத்துப் பிடிப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் அங்கே சரியாக நின்ற தக்கை இங்கே தாழ்ந்து நிற்கும். ஈயத்தைக் கொஞ்சம் கிள்ளிக் குறைக்க வேண்டும். நீருக்குள் மிதந்தபடி நிற்கும்படி செய்த லூர்களும் (செயற்கை இரைகளும்) இங்கே மெதுவாக அமிழும். தக்கையின் ஆழம் மீனைப் பொறுத்தது. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் தரையில்.

முள்ளும் இரையும் சேர்ந்தே மாறின. கடலுக்கு வாங்கிய தடித்த 3/0 முட்களைப் பார்த்தாலே ரோகு ஒதுங்கிவிடும். மெல்லிய கம்பியில் 6, 8 எண் முட்களை ஸ்பிரிங்கைச் சுற்றிக் கட்டி, நடுவில் மாவு உருண்டை பிடிக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கும் கடலைப் புண்ணாக்கு, தவிடு, கொஞ்சம் மைதா. கூடவே நம் ஊர்ச் சரக்கு ஒன்று, மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கை அரைத்து மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கை. சேலத்தைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் மிச்சமிருக்கும் மாவுச்சத்து உருண்டையை வீசும்போது உதிராமல் பிடித்து வைக்கிறது, தண்ணீருக்குள் போனதும் மெல்லக் கரைந்து மீனைக் கூட்டுகிறது. இறாலும் கணவாயும் வைத்துப் பழகிய கைக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது.

நேரம் பார்ப்பதும் மாறிவிட்டது. அங்கே ஏற்றவற்றம் பார்த்துக் கிளம்புவேன். இங்கே அணையின் நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் பார்க்கிறேன். தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்திலிருந்து புதுத்தண்ணீர் கலங்கலாக இறங்கும் நாட்களில் தவளை லூரை மறந்துவிட்டு, வாசனையுள்ள மாவு இரையோடு மட்டும் போகிறேன். அணைக்குக் கீழே காவிரிக்குள் இறங்கிப் பாறை மேல் நின்று வீசுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். தண்ணீர் திறப்பைக் கூட்டினால் திரும்பி வர வழி இருக்காது.

பராமரிப்பில் உப்பு போய்த் தூசி வந்தது. வற்றிய ஏரிக்கரையின் பொடிமண் ரீலின் நரம்பு உருளைக்குள் ஏறி கரகரக்கும். கடலில் போல ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியதில்லை. ஈரத் துணியால் துடைத்து, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி. பிரெய்டின் முதல் சில மீட்டரைக் கல் உரசித் தேய்ப்பதால் அடிக்கடி வெட்டிவிட்டு லீடரை மறுபடி கட்டுகிறேன்.

கடற்கரை மாதிரி இங்கே எங்கே வேண்டுமானாலும் நின்று வீச முடியாது. மேட்டூரில் உரிமம் பெற்ற மீனவர்களின் பிழைப்பு அது. ஏரிகள் பலவும் குத்தகையில் இருக்கின்றன. கேட்டுவிட்டுத்தான் ராடைப் பிரிக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை, எங்கே மீன் இருக்கிறது என்றும் சொல்லிவிடுவார்கள். செந்நிறப் பார்ப்புகளைக் கூட்டமாக மேய்த்துக்கொண்டு போகும் விராலைக் கண்டால் தயவுசெய்து தூண்டில் போடாதீர்கள். தாய் தகப்பன் போய்விட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் கொஞ்ச நேரத்தில் தின்றுவிடும்.