பாயிண்ட் கார்டா, சென்டரா?

கூடைப்பந்து அணியில் ஐந்து இடங்கள் இருந்தாலும், அணியை யாரைச் சுற்றிக் கட்டுவது என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இருவரைப் பற்றியதுதான்: பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்டு, கூடைக்கடியில் நிற்கும் சென்டர்.

பழைய கணக்கில் சென்டருக்கே முதலிடம். கூடையின் உயரம் 3.05 மீட்டர், நெட்டையான ஒருவர் அதன் அருகில் நின்றாலே எதிரணி திணறும். ஜார்ஜ் மைக்கன் என்ற சென்டரைக் கட்டுப்படுத்தவே, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ. 1951-இல், தாக்கும் அணியினர் தொடர்ந்து நிற்கக் கூடாத, கூடைக்கு முன்னுள்ள பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. இன்னொரு சென்டரான வில்ட் சேம்பர்லினின் ஆதிக்கத்தால் 1964-இல் அது 16 அடியானது. எந்தப் பாயிண்ட் கார்டுக்கும் பயந்து ஆடுகளத்தின் கோடுகளை அழித்து வரைந்ததில்லை.

ஆனால் சென்டருக்குப் பந்து வந்து சேர வேண்டுமே! 8 வினாடிகளுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். எதிரணி நெருக்கும்போது பதறாமல் பந்தைத் தட்டிக்கொண்டு வர ஆள் இல்லையென்றால், கூடைக்கடியில் நிற்பவர் எத்தனை உயரமாக இருந்தும் பயனில்லை. அதே பாயிண்ட் கார்டு குட்டையாக இருந்துவிட்டால், தடுப்பாட்டத்தில் எதிரணி அவரைத்தான் தேடித்தேடி வந்து தாக்கும்.

இருவரின் மதிப்பும் ஒருசேரத் தெரிவது பிக் அண்ட் ரோல் என்ற உத்தியில். பாயிண்ட் கார்டைக் காப்பவரின் பக்கவாட்டில் சென்டர் வந்து அசையாமல் நிற்கிறார். பாயிண்ட் கார்டு அவர் தோளை உரசியபடி நழுவி வருகிறார். காப்பவர் சிக்கிக்கொள்ள, எதிரணிச் சென்டர் நொடியில் முடிவெடுத்தாக வேண்டும். முன்னேறினால் முதுகுக்குப் பின்னால் நம் சென்டர் கூடையை நோக்கி ஓடுகிறார். பின்தங்கினால் பாயிண்ட் கார்டு சாவகாசமாக எறிவார். 2015-16 பருவத்தில் தூரத்திலிருந்து எறிந்து 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்ட பாயிண்ட் கார்டு ஸ்டீபன் கரி போன்றவரிடம் பின்தங்குவது தற்கொலைக்குச் சமம். கரியின் அணியே 2015 இறுதித் தொடரில் 1-2 எனப் பின்தங்கியபோது, நெட்டைச் சென்டரைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, 6 அடி 6 அங்குல டிரேமண்ட் கிரீனைக் கூடைக்கடியில் நிறுத்தி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது.

அப்படியானால் சென்டரின் காலம் முடிந்ததா? நிகோலா யோகிச்சைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2021, 2022, 2024 ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் மிகமதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்ற இந்தச் சென்டர், பாயிண்ட் கார்டின் வேலையையும் சேர்த்தே செய்கிறார். நேர்மாறான உதாரணமும் உண்டு: 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், காயமடைந்த கரீம் அப்துல் ஜப்பாருக்குப் பதிலாகப் பாயிண்ட் கார்டு மேஜிக் ஜான்சன் சென்டராகக் களமிறங்கி 42 புள்ளிகள் குவித்தார்.

மற்ற மூவரில் ஷூட்டிங் கார்டுக்கும் ஸ்மால் ஃபார்வர்டுக்கும் மாற்று ஆள் தேடுவது எளிது. பவர் ஃபார்வர்டு இன்று ஏறக்குறைய இன்னொரு சென்டர், அல்லது தூரத்திலிருந்து எறியும் இன்னொருவர்.

யோகிச் போல் பாஸ் கொடுக்கும் சென்டர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். அப்படி ஒருவர் அகப்படாத சாதாரண அணிக்கு என் ஓட்டு பாயிண்ட் கார்டுக்கே. உயரமானவருக்கு ஸ்கிரீன் போடவும் (காப்பவரை மறித்து அசையாமல் நிற்கவும்), ரீபவுண்ட் எடுக்கவும் (குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்கவும்) ஓரளவு விரைவில் கற்றுக்கொடுத்துவிடலாம். நெருக்கடியில் தலை நிமிர்த்திப் பந்தைத் தட்டும் நிதானம் வர வருடங்கள் பிடிக்கும்.