குடும்ப பிளானர் பார்சல் வந்ததா? பெயர் எழுதுமுன் தராசில் வையுங்கள்

டிசம்பர் நெருங்கினால் இன்ஸ்டாகிராமில் தவறாமல் வரும் விளம்பரம் இது. வெளிச்சமான மேசை, பக்கத்தில் காபி, விரித்தால் தட்டையாகப் படுத்திருக்கும் ஒரு பிளானர். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு கட்டம். கீழே "400 பக்கம், 100 ஜிஎஸ்எம், ஏ5, ஹார்டு கவர்" என்று எழுதியிருக்கும். விலை ஆயிரத்துச் சொச்சம். முழுப் பணமும் முன்கூட்டியே யுபிஐ-யில். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது.

பார்சல் வந்துவிடும். செங்கல்லோ வெறும் பெட்டியோ வராது, பிளானர்தான் வரும். இந்த ஏமாற்று எடுபடுவதே அதனால்தான். அட்டை படத்தில் பார்த்த அதே அட்டை. உள்ளே இருக்கும் தாளும் பைண்டிங்கும்தான் வேறு. பேனா மை பின்பக்கம் தெரிவது ஜனவரியில் கண்ணில் படும், மார்ச்சில் ஏடு கழன்று கையோடு வரும். திருப்பி அனுப்ப அவர்கள் கொடுத்த 7 நாள் கெடு முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும்.

ஆகவே சோதனையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். சமையலறைத் தராசு, ஸ்கேல், நீங்கள் வழக்கமாக எழுதும் பேனா, இந்த மூன்றும் போதும்.

எடையில் இருந்து தொடங்கலாம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. ஒரு சதுர மீட்டரில் 32 ஏ5 தாள்கள் அடங்கும். அதனால் ஜிஎஸ்எம்-ஐ 32-ஆல் வகுத்தால் ஓர் ஏ5 தாளின் எடை வந்துவிடும். 100 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 3.1 கிராம். 400 பக்கம் என்றால் 200 தாள். தாள் மட்டுமே 625 கிராம். கெட்டி அட்டை சுமாராக 80 முதல் 100 கிராம். ஆக, விளம்பரம் உண்மையானால் பிளானர் 700 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும்.

தராசு 400 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். தாள் 200 இருந்தால் அது 50 ஜிஎஸ்எம் தாள். பள்ளி நோட்டை விட மெலிசு. தாள் உண்மையிலேயே 100 ஜிஎஸ்எம் என்றால், உள்ளே இருப்பது 100 தாள்தான், அதாவது 200 பக்கம். எது என்று தெரிய ஒரு மாதத்துத் தாள்களை எண்ணி 12-ஆல் பெருக்குங்கள். முன்னும் பின்னும் உள்ள தாள்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். "ஷீட்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, கேட்டால் பக்கத்தை எண்ணிக் காட்டுவது இந்த வியாபாரத்தில் பழைய பழக்கம்.

தடிமனை மட்டும் நம்பாதீர்கள். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் 200 அடுக்கினால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வரும். ஆனால் புசுபுசுவென்ற தாளைப் போட்டு, குறைந்த எடையிலும் அதே தடிமனைக் காட்டலாம். எடையில் அந்த வித்தை செல்லாது.

அளவிலும் விளையாட்டு உண்டு. ஏ5 என்பது 148 × 210 மில்லிமீட்டர். அட்டையை அளக்காதீர்கள், கெட்டி அட்டை தாளை விடச் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பது முறைதான். தாளை அளங்கள். 130 × 190 என்று வந்தால் அது ஏ5 இல்லை. விளம்பரப் படத்தில் கையோ பேனாவோ பக்கத்தில் இல்லாமல் பிளானர் மட்டும் தனியாக இருந்தால், வாங்குமுன்பே சந்தேகப்படலாம்.

இனி பைண்டிங். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நாவலைப் படித்து முடித்து அலமாரியில் வைத்துவிடுவோம். பிளானர் அப்படியில்லை, வருடம் முழுக்க, ஒரு நாளைக்கு நாலைந்து முறை திறக்கப்படும், நடுவில் ரசீதும் ஃபீஸ் சீட்டும் செருகப்படும். இந்த உழைப்பைத் தாங்குவது தையல் பைண்டிங். தாள்களை 16 பக்கப் பாரமாக மடித்து, பாரத்தின் நடுவில் நூலால் தைத்து, பிறகு முதுகில் பசை பூசுவார்கள். பர்ஃபெக்ட் பைண்டிங் என்ற அழகான பெயரில் நடப்பது வேறு: மடிப்பை வெட்டித் தனித்தனித் தாளாக்கி, முதுகைச் சுரண்டி, சூடான பசையில் ஒட்டுவது மட்டும். தட்டையாக விரிக்க முதுகை அமுக்கினால் பசை விண்டு, அந்த இடத்தில் இருந்து தாள் உதிர ஆரம்பிக்கும். விளம்பரத்தில் "தையல்" என்று சொல்லிவிட்டு இதை அனுப்புவது சர்வ சாதாரணம்.

கண்டுபிடிப்பது எளிது. முதுகை மேலிருந்து பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் பாரம். பிளேடால் வெட்டியதுபோல ஒரே சீராக, பசை மட்டும் தெரிந்தால் ஒட்டு. பாரமாக இருந்தால் ஒரு கட்டின் நடுப்பக்கத்தை விரியுங்கள். மடிப்பில் நூல் ஓடுவது தெரிய வேண்டும். முதுகின் உச்சியில் ஒட்டியிருக்கும் வண்ணத் துணி நாடாவைப் பார்த்துத் தையல் என்று நினைத்துவிட வேண்டாம். அது அலங்காரம், ஒட்டுப் புத்தகத்திலும் ஒட்டுவார்கள்.

ஒயர்-ஓ பைண்டிங் (தாளில் துளை போட்டு இரட்டைக் கம்பி வளையம் மாட்டுவது) என்றால் பார்க்க வேண்டியது ஒன்றே. கம்பியின் இரண்டு நுனியும் சேரும் வாய் முழுதாக மூடியிருக்கிறதா? ஒரு தாளின் கனத்துக்கு இடைவெளி இருந்தாலும் தாள் அதன் வழியே ஒவ்வொன்றாக நழுவும். அந்த வாய் பின்னட்டைப் பக்கம் மறைந்திருப்பதுதான் ஒழுங்கான வேலை.

தாளின் தரத்துக்குக் கடைசித் தாளில் உங்கள் பேனாவால் இரண்டு வரி எழுதி, ஒரு நிமிடம் விட்டுத் திருப்பிப் பாருங்கள். (திருப்பி அனுப்பும் முடிவை எடுத்தபின் இதைச் செய்யாதீர்கள், "எழுதிவிட்டீர்கள்" என்று அதையே காரணம் காட்டுவார்கள்.) நிழல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மையே ஊறிப் பின்பக்கம் வந்தால் அந்தப் பக்கம் வீண். பளபளவென்ற ஆர்ட் பேப்பரில் இன்னொரு தொல்லை: ஜெல் பேனா மை சீக்கிரம் காயாது, கை பட்டால் இழுபடும். எழுதுவதற்குப் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள்தான் சரி.

தாளும் பைண்டிங்கும் தேறினாலும் கட்டங்களில் சறுக்கும் பிளானர்கள் நிறைய. பலவும் அமெரிக்க டெம்ப்ளேட்டை இறக்கி அப்படியே அச்சடித்தவை. நவம்பர் நாலாவது வியாழனில் தேங்க்ஸ்கிவிங் இருக்கும், பொங்கல் இருக்காது. பள்ளி வருடம் ஜூனில் தொடங்காமல் ஆகஸ்டில் தொடங்கும். பில் கட்டும் அட்டவணையில் மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். நம் கரண்ட் பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒன்று, சொத்து வரி அரையாண்டுக்கு ஒன்று. அதைவிடப் பெரிய இடைஞ்சல் அகலம். ஏ5 பக்கத்தில் ஓரம் போக 125 மில்லிமீட்டர் மிஞ்சும். நாள் பெயருக்கு ஒரு பத்தி, நாலு பேருக்கு நாலு பத்தி என்று பிரித்தால் ஆளுக்கு 25 மில்லிமீட்டர். "டென்டிஸ்ட் 5.30" என்று தமிழில் எழுதினாலே நிரம்பிவிடும், "பெற்றோர் ஆசிரியர் கூட்டம்" நுழையவே நுழையாது. நாலு பேர் வீட்டுக்கு ஏ4 எடுங்கள். ஏ5-தான் வேண்டும் என்றால், வாரம் இரு பக்கமும் விரியும், ஆட்கள் பத்தியாக இல்லாமல் வரியாக வரும் அமைப்பைத் தேடுங்கள். வரி இடைவெளி 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 5-ல் கொம்பும் சுழியும் மேல் வரியோடு மோதும்.

தேதி போட்ட பிளானரில் கிழமையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 2027-ம் ஆண்டும் 2021-ம் ஆண்டும் ஒரே கிழமை வரிசை. இரண்டிலும் ஜனவரி 1 வெள்ளி. பழைய 2021 கோப்பில் ஆண்டை மட்டும் மாற்றி அச்சடித்தால் கிழமை கச்சிதமாகப் பொருந்தும், பண்டிகைகள் காட்டிக்கொடுக்கும். 2027-ல் புனித வெள்ளி மார்ச் 26. உங்கள் பிளானரில் ஏப்ரல் 2 என்றோ, தீபாவளி நவம்பர் 4 என்றோ இருந்தால் அது 2021-ன் சரக்கு. ராகு காலம் போட்டிருந்தால் திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30 சரியா என்று ஒரு பார்வை பாருங்கள். இன்னொன்று: தமிழக அரசின் பொது விடுமுறைப் பட்டியல் முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் வாக்கில்தான் வெளியாகிறது. ஜூலையிலேயே "அரசு விடுமுறைகளுடன்" என்று விற்றால் அது ஊகப் பட்டியல்.

பணம் அனுப்புமுன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: தராசின் மேல் பிளானர், மேலிருந்து முதுகு, ஸ்கேல் வைத்த உள்பக்கம். நேர்மையானவருக்கு இது ஐந்து நிமிட வேலை. "ஸ்டாக் பேக் ஆகிவிட்டது" என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். விளம்பரத்தை விலை, ஜிஎஸ்எம், பக்க எண்ணிக்கை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் கிளம்பியதும் பதிவைத் திருத்துவார்கள், அல்லது நீக்குவார்கள். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டில் தொடங்கி, தராசு எண் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

சொன்னது வேறு, வந்தது வேறு என்றால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள், போனில் பேசி விடாதீர்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பணம் வாங்கியபின் விற்றவரின் இன்ஸ்டாகிராம் பக்கமே காணாமல் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அன்றே அழைத்தால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

ஏற்கெனவே ஒட்டு பிளானர் வாங்கி, திருப்பவும் வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஜெராக்ஸ் கடையோடு இருக்கும் பைண்டிங் கடையில் முதுகை 3 மில்லிமீட்டர் வெட்டி, துளை போட்டு ஸ்பைரல் மாட்டித் தருவார்கள். முதுகோரம் எழுத்து இருந்தால், துளை அதன் மேல் விழுமா என்று வெட்டுமுன் ஒரு தாளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையையும் மறக்காமல் கூடவே கொடுங்கள், அதையும் துளைத்துச் சேர்த்துவிடுவார்கள்.