செஸ்னா 172-ல் ட்ரிம்: ஓசூர் டு சேலம் பறந்து பறந்து கை பழகிய அனுபவம்

சிமுலேட்டரில் சின்ன விமானம் ஓட்டுகிற நம் ஆட்கள் நிறையப் பேர் எலிவேட்டர் ட்ரிம்மைத் தொடுவதே இல்லை. எலிவேட்டர் என்பது வாலில் இருக்கும், மூக்கை ஏற்றி இறக்குகிற அசையும் பலகை; கை பிடிக்காமலே அதை ஒரு நிலையில் நிற்க வைக்கிற ஏற்பாடுதான் ட்ரிம். தொடுகிறவர்களும் அதை வைத்து மூக்கை ஏற்றி இறக்கப் பார்க்கிறார்கள். தர்மபுரியில் வீட்டு மேஜையில் பல வருஷமாக சிமுலேட்டரில் செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தை ஓட்டுகிறேன். முதலில் இலவசமாகக் கிடைக்கிற ஃபிளைட்கியர், அப்புறம் எக்ஸ்-பிளேன், இப்போது மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். மூன்றிலும் காட்சி வேறுவேறாக இருக்கலாம், ட்ரிம் விஷயத்தில் கை கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றேதான், அதைக் கற்றுக்கொண்டால் பறப்பதே வேறு அனுபவமாகிவிடுகிறது.

172-ன் வலது பக்க எலிவேட்டரின் பின் விளிம்பில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. காக்பிட்டில், இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்குக் கீழே இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் அந்தத் தகடு சாய்ந்து, அதில் படுகிற காற்று எலிவேட்டரை அழுத்தி, நீங்கள் எந்த நிலையில் பிடித்திருக்கிறீர்களோ அந்த நிலையிலேயே நிற்க வைக்கிறது. உங்கள் கை செய்துகொண்டிருந்த வேலையைத் தகடு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். சக்கரத்தின் மேல்பக்கத்தை முன்னே தள்ளினால் மூக்கு இறங்கும், நம் பக்கம் இழுத்தால் ஏறும்.

அது பிடித்து வைப்பது வேகத்தை, உயரத்தை இல்லை. இது புரியாதவரை ட்ரிம்மோடு சண்டைதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். காற்று அமைதியாக இருக்கும்படி வானிலையை வைத்து, 90 நாட் வேகத்தில் சமமாகப் பறக்கும்போது கையை எடுத்தாலும் நிற்கும் அளவுக்கு ட்ரிம் செய்யுங்கள். பிறகு த்ராட்டிலை மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டு ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் இருங்கள். மூக்கு தானாக இறங்கும், வேகம் 90-ஐத் தாண்டும், மூக்கு மறுபடி ஏறும், வேகம் குறையும், இப்படி நிதானமாகச் சில தடவை ஏறி இறங்கி கடைசியில் ஏறக்குறைய அதே 90-ல் இறங்கிக்கொண்டே வந்து நிலைக்கும். த்ராட்டிலைக் கூட்டினால் அதே வேகத்தை ஒட்டியே ஏறும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அப்புறம் பாடம் தேவையில்லை.

நிஜ விமானத்துக்கும் நம் ஜாய்ஸ்டிக்குக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது, இதைப் பற்றித்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. நிஜ 172-ல் யோக்கை (விமானி பிடிக்கும் கைப்பிடியை) இழுத்துப் பிடித்துக்கொண்டு ட்ரிம் சுற்றினால், யோக் அதே இடத்தில் இருக்கும், கையில் தெரிகிற இழுப்பு மட்டும் கரைந்துபோகும். நம்மிடம் இருப்பது ஸ்பிரிங் வைத்த ஸ்டிக். அதன் நடுப்புள்ளி எப்போதும் நடுவில்தான். ஸ்டிக்கை இழுத்துப் பிடித்தபடியே ட்ரிம்மையும் கூட்டினால் இரண்டும் சேர்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கப் போய்விடும். அதனால் ட்ரிம் ஒரு தட்டு, கை ஒரு துளி தளர்வு, அடுத்த தட்டு, இன்னும் ஒரு துளி தளர்வு, இப்படி இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும். மூக்கு அடிவானத்தில் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க, ஸ்டிக் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து சேர வேண்டும். கையில் பாரம் தெரியாததால் கண்தான் பாரத்தை அளக்கிறது. பாரத்தைக் கையில் காட்டுகிற ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

நான் அதிகம் பறக்கும் பாதை ஓசூர் பெலகொண்டபள்ளி ஓடுபாதையிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய் தாண்டி ஓமலூர் பக்கம் இருக்கும் சேலம் விமான நிலையம். ட்ரிம் பழக இதைவிட நல்ல பாதை நம் பக்கம் கிடையாது என்பேன், ஏனென்றால் ஓசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி அதைவிட ஆயிரம் அடிக்கும் மேல் தாழ்வு, தொப்பூர் தாண்டினால் தரை இன்னும் இறங்கும். ஏறுவது, சமமாக்குவது, இறங்குவது எல்லாம் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

புறப்படும் முன் ட்ரிம்மை டேக்ஆஃப் குறியில் வைத்துவிடுவேன். 55 நாட்டில் மூக்கைத் தூக்கி, 75-ல் ஏற விட்டு, அந்த வேகம் நின்றபிறகு ட்ரிம். 5,500 அடி வந்ததும்தான் பலரும் தடுமாறுகிற இடம். விமானம் 75-க்கு ட்ரிம் ஆகியிருக்கிறது, நாமோ 100-க்கு மேல் போகப் போகிறோம். முதலில் ஸ்டிக்கால் மூக்கை இறக்கிச் சமமாக்க வேண்டும், வேகம் கூடும்வரை த்ராட்டிலைத் தொடக் கூடாது, கூடிய பிறகு இன்ஜினைக் குறைக்க வேண்டும், கடைசியில்தான் நுணுக்கமான ட்ரிம். நடுவில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது முன்னாடி தள்ளிப் பிடிக்கிற கை வலித்தால் தோராயமாக ஒரு தடவை ட்ரிம் கொடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை, ஆனால் உயரமானி முள்ளை விரட்டிக்கொண்டு ட்ரிம்மை முன்னும் பின்னும் சுற்றினால் முடிவே இருக்காது.

கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் கேஆர்பி அணையின் தண்ணீர் வலது பக்கம் தெரியும்போது இறங்க ஆரம்பிப்பேன். இங்கே ட்ரிம்மைத் தொடுவதே இல்லை! த்ராட்டிலை மட்டும் குறைப்பேன். 172-ல் இன்ஜின் சுழற்சியை 100 ஆர்பிஎம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி இறங்கும் என்பது விமானிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, சிமுலேட்டரிலும் அது ஓரளவு ஒத்துவருகிறது. வேகம் அப்படியே நிற்க, விமானம் தானாகத் தலையைத் தாழ்த்தி அமைதியாக இறங்குவதைப் பார்ப்பது எனக்கு இன்றுவரை அலுக்காத சுகம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி பழக வருவான். மெதுவாகப் பறந்து இறங்க உதவியாக இறக்கையின் பின்பக்கம் இறக்கிவிடுகிற பலகைதான் ஃபிளாப், அதைப் பற்றி ஒருநாள் கேட்டான். "அண்ணா, ஃபிளாப் இறக்கினா மூக்கு தூக்குதே, உடனே ட்ரிம் பண்ணட்டுமா?" என்றான். "கொஞ்சம் பொறு தம்பி, முதல்ல ஸ்டிக்கால அமுக்கிப் பிடி, வேகம் குறையட்டும்" என்றேன். 172-ல் ஃபிளாப் போட்டதும் மூக்கு மேலே போகப் பார்க்கும், ஆனால் வேகம் 65-க்கு வந்து நிற்கும்போது தேவைப்படுவது பெரும்பாலும் மூக்கை இறக்கும் ட்ரிம் இல்லை, ஏற்றும் ட்ரிம். அவசரப்பட்டால் இரண்டு வேலை.

இறங்காமல் மறுபடி மேலே போக வேண்டி வந்தால் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். 65 நாட், முழு ஃபிளாப், மூக்கு மேலே இருக்கும்படி ட்ரிம், இந்த நிலையில் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினால் மூக்கு பலமாக எழும்பும். அமுக்கிப் பிடிக்காவிட்டால் வேகம் செத்து ஸ்டால்தான், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் திறனை இழந்துவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தன் பயிற்சிக் கையேட்டில் இதை எலிவேட்டர் ட்ரிம் ஸ்டால் என்று தனியாகவே எச்சரிக்கிறது. முதலில் ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கை அடக்குங்கள், ட்ரிம் அடுத்த வேலை. சிமுலேட்டரில் போதுமான உயரத்தில் இதை வேண்டுமென்றே செய்து பாருங்கள், தரைக்குப் பக்கத்தில் முதல்முறை சந்திக்க வேண்டாம்.

விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் வைத்திருந்தால் அது ஓடும்போது ஸ்டிக்கை இழுக்காதீர்கள். பல மாடல்களில் அது நீங்கள் இழுப்பதற்கு எதிராக ட்ரிம்மை நகர்த்திக்கொண்டே போகும், அணைத்த நொடியில் விமானம் பாயும்.

சாதனம் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்டில் நம்பர்பேடின் 7 மூக்கை இறக்கும், 1 ஏற்றும், ஃபிளைட்கியரில் ஹோம், எண்ட். இரண்டையும் ஸ்டிக்கில் கட்டைவிரல் எட்டும் பட்டன்களுக்கு மாற்றிவிடுங்கள், அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டிக் கொடுங்கள். காசு இருந்தால் தனி ட்ரிம் வீல் வாங்கலாம், நானும் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன், நுணுக்கம் கூடியிருப்பது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஸ்டிக்கைத்தான். பொட்டென்ஷியோமீட்டர் (உள்ளே உரசி அளக்கிற சென்சர்) வைத்த பழைய ஸ்டிக் நடுவில் நடுங்கும், விட்ட கை ஒவ்வொரு முறையும் வேறு புள்ளியில் நிற்கும், அப்போது எவ்வளவு ட்ரிம் செய்தாலும் விமானம் நிலைக்காது. செட்டிங்கில் சின்னதாக ஒரு டெட் ஸோன் (நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வைத்து அது சரியாகிறதா என்று பார்த்துவிட்டு வீல் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.